மூன்றாம் வீட்டுக்குத் தண்ணீர்

"தண்ணி வரல்லயே!"

குளியலறைக்குள் இருந்து மாப்பிள்ளையின் உம்மா போட்ட சத்தம், முன் ஹாலில் வட்டலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆண்கள் வரைக்கும் கேட்டது. கரண்டிகள் அப்படியே நின்றன.

அசர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று கை, முகம், கால் கழுவி வுழூ எடுக்கப் போன மனுசி அவர். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுப் பைப்பைத் திறந்திருக்கிறார். பைப் ஒரு முறை இருமியது. அதோடு சரி.

நளீர் பாய்ந்து எழும்பினான். ஏனென்றால் அந்த வீட்டின் பைப் வேலை முழுவதும் அவன் செய்தது.

கல்முனைப் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். அதனால் மாப்பிள்ளை பகுதியார் பெண்ணை ஒரு பார்வை பார்த்தால், வீட்டை ஒன்பது பார்வை பார்ப்பார்கள். கதவை ஆட்டுவார்கள், சுவரைத் தட்டுவார்கள், பைப்பைத் திறந்து பூட்டுவார்கள். இது தெரிந்துதான் பக்கீர் முகைதீன் ஹாஜியார் தன் மூன்று பெண்மக்களுக்கும் ஒரே வளவுக்குள் வரிசையாக மூன்று வீடு கட்டியிருந்தார். முதல் வீட்டில் மூத்தவள் சரீபாவும் அவள் புருசன் இஸ்ஸதீனும். நடு வீட்டில் றம்ஸியாவும் அவள் புருசன் நளீரும். மூன்றாவது வீடு கடைசிப் பிள்ளை நஜ்லாவுக்கு. இன்னும் பெயின்ட் மணம் போகவில்லை. மூன்று வீட்டுக்கும் கிணறு ஒன்று, டேங்க் ஒன்று.

நளீர் வேலை செய்வது வயலுக்கும் தோட்டத்துக்கும் பம்பு, குழாய் விற்கிற கடையில். "மச்சிட வீட்டுப் பைப் வேலை என்ட பொறுப்பு. ஒருத்தரும் கை வைக்கப்படாது" என்று அவன்தான் வலியப் போய் வாங்கிக்கொண்டான். வேண்டுமா இது?

"உம்மா, கொஞ்சம் பொறுங்க, இப்ப வரும்" என்று குளியலறை வாசலில் நின்று கெஞ்சினான்.

"அசர் போகப் போகுது மகன்" என்றார் அவர் உள்ளேயிருந்து.

நஜ்லாதான் வாளியோடு வந்து, விருந்தாட்களைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவர்கள் வுழூ எடுத்தார்கள், தொழுதார்கள், தேத்தண்ணி குடித்தார்கள். போகும்போது மாப்பிள்ளையின் வாப்பா ஹாஜியாரின் கையைப் பிடித்து, "பொறகு சொல்லி அனுப்புறம்" என்றார். அதற்கு என்ன அர்த்தமென்று எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

கார் தெருமுனை திரும்பியதும் நளீர் ஓடிப்போய் அதே பைப்பைத் திறந்தான். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

"இப்ப மட்டும் வருது பாரு! சனியன்!"

தலையில் கை வைத்து யோசித்தான். கெதியில் காரணமும் கிடைத்துவிட்டது. விருந்தென்று மூன்று வீட்டுக் குசினியிலும் பைப் திறந்திருந்தது. முதல் வீடு இழுத்ததுபோக, நடு வீடு இழுத்ததுபோக, கடைசி வீட்டுக்குக் காற்றுத்தான் மிச்சம். நளீரிடம் ஒரு குணம் உண்டு. காரணமென்று ஒன்று கையில் அகப்பட்டால் அதற்கு அங்கால் தேட மாட்டான்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் கூப்பிட்டார். "மருமகன், ஊரெல்லாம் என்ன கதைக்குது தெரியுமா? ஹாஜியார்ட கடைசிப் புள்ளட கலியாணம் பைப்பால நிண்டுபோச்சாம்."

நளீருக்கு அழுகை வந்துவிட்டது. கூடப் பிறந்த தங்கச்சி இல்லாதவன் அவன். இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து நஜ்லாதான் அவனுக்குத் தங்கச்சி. அவளுடைய வாழ்க்கை தன்னால் நின்றுபோவதா?

"மாமா, இதச் சரிப்படுத்தித் தாரது என்ட கடமை" என்றான்.

அன்றைக்கு அவன் வாயைப் பூட்டிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அடுத்த நாளே காரைதீவிலிருந்து தன் கூட்டாளி குணத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான். குணம் பைப் வேலை செய்கிற பாஸ். எந்த வேலையைக் கண்டாலும் முதலில் தலையை ஆட்டி "இது சரிவராது" என்பான். பிறகு செய்து தருவான்.

நளீர் கொண்டுவந்திருந்த மோட்டரைப் பார்த்துவிட்டுக் குணம் தலையை ஆட்டினான். "இது கோமாரிப் பக்கம் தென்னந்தோட்டத்துக்குப் போடுற சாமான் நளீர். வீட்டுக்குச் சரிவராது."

"நீ பூட்டு."

பூட்டினார்கள். சுவிட்சைப் போட்டார்கள். மூன்றாவது வீட்டுப் பைப்பில் தண்ணீர் வந்த வேகத்தைப் பார்த்து நளீர் "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கையைத் தட்டினான்.

அதே நேரம் முதல் வீட்டிலிருந்து ஒரு சத்தம். சரீபாவின் குசினிப் பைப்பின் தலை கழன்று பறந்து, மிளகாய்த்தூள் போத்தலில் பட்டு, போத்தல் உடைந்து, அவள் தும்மிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். பின்னால் இஸ்ஸதீன் வந்தான். இடுப்பில் சாரன், உடம்பெல்லாம் சவர்க்கார நுரை.

"ஆருடா மோட்டரப் போட்ட? ஷவர் என்ட முதுகுத் தோல உரிச்சுப்போட்டு!"

"இஸ்ஸதீன் காக்கா, கொஞ்சம் கூடிப்போச்சு. இப்ப கொறைக்கிறன்."

குறைப்பதற்கு நளீர் கண்டுபிடித்த வழி, முதல் இரண்டு வீடுகளுக்கும் போகிற குழாயில் ஒரு கேட் வால்வைப் போட்டு அரைவாசி பூட்டி வைப்பது. அங்கேதான் பிடித்தது சனி. எல்லா வீட்டிலும் பைப் திறந்திருக்கும்போது அளவு பார்த்து வைத்தால், எல்லாரும் பூட்டியதும் உள்ளே அழுத்தம் ஏறி, கக்கூஸ் டேங்கியின் ஹோஸ் வெடித்தது. பூட்டியிருக்கும்போது அளவு பார்த்து வைத்தால், திறந்ததும் சொட்டுச் சொட்டாக வடிந்தது. தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டு றம்ஸியா அரை மணித்தியாலம் குளியலறைக்குள் நின்றாள்.

"இஞ்சாருங்க! கண்ணெரியுது! அந்த வால்வக் கொஞ்சம் தொறங்களன்!"

"கொஞ்சம் இரிகா, இப்ப தொறந்தா சரீபா ராத்தாட வீட்டுல வெடிக்கும்!"

"அப்ப நான் இப்பிடியே செத்து மையத்தாகவா?"

பெரிய கரைச்சல் பாங்கு நேரத்தில்தான். பாங்கு சொன்னால் மூன்று வீட்டிலும் ஒரே நேரத்தில் வுழூ எடுப்பார்கள். எல்லாப் பைப்பும் ஒன்றாய்த் திறக்கும், ஒன்றாய்ப் பூட்டும். ஆகவே பாங்கு கேட்டால் ஊரிலுள்ள ஆண்களெல்லாம் பள்ளிவாசலுக்கு ஓட, நளீர் மட்டும் கேட் வால்வுக்கு ஓடினான். திறந்து வைத்துவிட்டுக் காத்திருப்பான். எல்லாரும் முடித்த பிறகு பூட்டிவிட்டு, தொழுகையின் கடைசி ரக்அத்துக்குப் போய்ச் சேருவான். பள்ளி நிருவாகத்தில் ஒருவர், "தம்பி, மனசுக்கு ஏதும் கஷ்டமா?" என்று தோளில் கை வைத்து விசாரித்தார்.

இது போதாதென்று, நளீர் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து இஸ்ஸதீன் அந்தக் கேட் வால்வை முழுதாகத் திறந்துவிடுவான். கேட்டால், "எனக்கென்ன தெரியும்? பூனை தட்டியிருக்கும்" என்பான். வால்வு திறக்கிற பூனை எங்கள் ஊரில்தான் இருக்கிறது.

கடைசியில் நளீர் தன் கடை முதலாளியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, கண்ணாடி அலுமாரியில் காட்சிக்கு வைத்திருந்த ஒரு சாமானைக் கொண்டுவந்தான். நீல நிறம். பானையை மூடியால் இறுக்கியதுபோல மேலே ஒரு குமிழ். பக்கத்தில் மெல்லிய செப்புக் குழாய், ஒரு சின்ன ஸ்குரூ, முள் ஆடுகிற ஒரு கேஜ்.

"கொன்ட்ரோல் வால்வு" என்றான், தன் பிள்ளையைக் காட்டுகிறவன்போல.

"கரண்ட் எங்க குடுக்கிற?" என்று கேட்டான் குணம்.

"கரண்ட் தேவையில்ல. தண்ணிட பலத்துலயே வேல செய்யும்."

குணம் தலையை ஆட்டினான். "சரிவராது." பிறகு மோட்டருக்குப் பக்கத்தில், மூன்றாவது வீட்டுப் பின்சுவரோரமாக அதைப் பூட்டித் தந்தான்.

வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஹாஜியாரைச் சுற்றிக் கூடியிருந்தார்கள். நளீர் விடவில்லை. சஹன் தட்டில் சோற்றைக் குவித்து வைத்துக்கொண்டு விளக்கம் சொல்ல ஆரம்பித்தான்.

"இப்ப பாருங்க மாமா. ஒரு சஹன்ல ஆறு பேர் இருந்து தின்னுறம். ஒருத்தன் கெதியா அள்ளினா மத்தவனுக்கு இல்ல. பக்கத்துல ஒரு ஆள் நிண்டு, கொறையக் கொறையச் சோறு போட்டுக்கொண்டிருந்தா? கூட அள்ளினாக் கூடப் போடுவான், கைய எடுத்தா நிப்பாட்டுவான். சஹன்ல சோறு எப்பவும் ஒரே மட்டம். அந்த ஆள்தான் இந்த வால்வு."

"சோறு ஆறுது" என்றான் இஸ்ஸதீன்.

"உள்ளுக்க ஒரு றப்பர்த் தட்டு இருக்கு. அதுக்கு மேல தண்ணி நிறைஞ்சா அமத்தும், வால்வு ஒடுங்கும். மேல உள்ள தண்ணி வெளியேறினாத் தட்டு எழும்பும், வால்வு திறக்கும். மூணு வீட்டுலயும் பைப்பத் திறந்தா அழுத்தம் விழப் பாக்கும். உடனே வால்வு தானாத் திறந்து ஓட்டத்தக் கூட்டும். எல்லாரும் பூட்டினா அழுத்தம் ஏறப் பாக்கும். உடனே தானா ஒடுங்கி ஓட்டத்தக் கொறைக்கும். ஓட்டத்தக் கூட்டிக் கொறைச்சுத்தான் அழுத்தத்த ஒரே அளவுல புடிச்சு வைக்கும். ரெண்டும் ஒண்டாத்தான் போகும், விளங்கிச்சா? எவ்வளவு அழுத்தம் வேணுமெண்டு அந்தச் சின்ன ஸ்குரூவாலதான் சொல்லுற. வலப்பக்கம் முறுக்கினாக் கூடும், இடப்பக்கம் கழட்டினாக் கொறையும்."

யாருக்கும் விளங்கவில்லை. நஜ்லா மட்டும் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவராவது கேட்கிறாரே என்று நளீருக்குப் பெருமை.

விளங்கினாலென்ன, விளங்காவிட்டாலென்ன, அந்த நீலச் சாமான் வேலை செய்தது. பாங்கு நேரத்திலும் முள் அசையவில்லை. நளீர் முதல் ரக்அத்துக்கே பள்ளிக்குப் போனான்.

அந்த நேரம் பார்த்துத்தான் இரண்டாவது கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை கட்டாரில். நல்ல சம்பளம், நல்ல குடும்பம். ஹாஜியாருக்குச் சம்மதம், சரீபாவுக்குச் சம்மதம், இஸ்ஸதீனுக்கும் சம்மதம். நஜ்லாவிடம் கேட்கத்தான் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

வீடு பார்க்க வந்தார்கள். புரியாணி சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் மாமாக்காரர், பட்டுப்போன்ற வெள்ளை ஜுப்பா போட்டவர், கை கழுவ எழும்பினார்.

"இஞ்சால வாங்க மாமா, இஞ்சால!" என்று நளீரே கூட்டிக்கொண்டு போனான். "இந்த வளவுல தண்ணி எண்டா, நீங்க எந்தப் பைப்பத் திறந்தாலும் ஒரே அளவு. திறந்து பாருங்க."

அவர் திறந்தார்.

பைப்பின் தலை முகட்டில் போய் மோதியது. அதற்குப் பின்னால் தண்ணீரும் போனது. மனுசன் ஐயோ என்று சொல்ல வாயைத் திறந்தார், வாய்க்குள்ளும் போனது. நளீர் உள்ளங்கையால் பொத்தினான். பொத்தியதும் தண்ணீர் பக்கவாட்டில் பிரிந்து ஹாலுக்குள் பாய்ந்து, மாப்பிள்ளையின் உம்மாவுடைய மடியில் இருந்த வட்டலப்பத் தட்டை நிரப்பியது.

"மோட்டர நிப்பாட்டு! மோட்டர நிப்பாட்டு!"

நிப்பாட்டினார்கள். மாமாக்காரர் இஸ்ஸதீனின் சாரனை உடுத்துக்கொண்டு வேனில் ஏறினார். இந்த முறை "பொறகு சொல்லி அனுப்புறம்" என்றுகூட யாரும் சொல்லவில்லை.

நளீர் ஓடிப்போய்ப் பார்த்தான். ஸ்குரூ கடைசி வரைக்கும் வலப்பக்கம் முறுகி நின்றது. காலையில் அவனே அளவு பார்த்து வைத்ததல்லவா!

"கண்ணூறுதான்" என்றான் குணம். "நீ எல்லாருக்கும் காட்டிக் காட்டித் திரிஞ்சாய்."

"கண்ணூறும் இல்ல, ஒண்டும் இல்ல" என்றான் நளீர். காரணம் அவனுக்கு வழமைபோல உடனே கிடைத்துவிட்டது. "மோட்டர் அதிருது. அந்த அதிர்வுல ஸ்குரூ தானா முறுகிட்டுது. மேல ஒரு நட்டுப் போட்டு இறுக்கோணும்."

ஹாஜியார் வந்தார். சத்தம் போடவில்லை. அதுதான் நளீருக்குப் பயமாக இருந்தது.

"மருமகன், இன்னமொரு பேச்சு வந்திருக்கு. மருதமுனையில, கைத்தறிச் சாரன் கடை வைச்சிருக்கிற ஆக்கள். அவங்களும் இப்பிடிப் போனா, பொறகு இந்தப் புள்ளையக் கேட்டு இந்த வாசலுக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க. அந்தச் சாமானக் கழட்டிப்போடுங்க. கிணத்துல அள்ளிக் குடுப்பம்."

நளீர் அவருடைய இரண்டு கையையும் பிடித்தான். "மாமா, கிணத்துல அள்ளிக் குடுத்தா, தண்ணியில்லாத வீட்டுக்கு மாப்பிள்ள கேக்கிறாங்க எண்டு கதைப்பாங்க. எனக்கு ஒரு சந்தர்ப்பம் தாங்க. இந்த முறை பிழைச்சா நான் இந்த வளவுலயே பைப் தொட மாட்டன். நஜ்லாட முகத்தப் பாக்க எனக்கு வழியில்ல மாமா."

ஹாஜியாருக்கு ஈரமனம். "இன்ஷா அல்லாஹ்" என்றார்.

நளீர் ஸ்குரூவுக்கு மேலே நட்டைப் போட்டு இறுக்கினான். ஒவ்வொரு நாளும் காலையிலும் மாலையிலும் வந்து பார்த்தான். முள் அசையவில்லை. ஆனாலும் நட்டை இன்னொரு முறை இறுக்கினான்.

மருதமுனையார் வந்தார்கள். வரும்போதே கதை அவர்கள் காதுக்கு எட்டியிருந்தது என்பது மாப்பிள்ளையின் பெரியவாப்பா இறங்கிய விதத்திலேயே தெரிந்தது. மனுசன் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். கைபேசியை மகனிடம் கொடுத்தார். சாரனை முழங்கால் வரைக்கும் தூக்கிக் கட்டினார்.

"எங்க அந்தப் பைப்?" என்று கேட்டார்.

இஸ்ஸதீன் சிரிப்பை அடக்கமாட்டாமல் பின்பக்கம் போனான். ஹாஜியார் தஸ்பீஹ் மணிமாலையை எடுத்து உருட்டத் தொடங்கினார்.

பெரியவாப்பா கையைத் தூர நீட்டி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, மெதுவாகத் திறந்தார். தண்ணீர் அமைதியாக, வட்டமாக, அளவாக வந்தது. இன்னும் கொஞ்சம் திறந்தார். அளவாகத்தான் வந்தது. முழுதாகத் திறந்தார்.

"ஒரு பைப்பு மட்டும் எண்டா ஆருட வீட்டுலயும் வரும்" என்றார். மனுசன் லேசான ஆளில்லை. தன் ஆட்களைப் பிரித்தார். "நீங்க ரெண்டு பேரும் முதல் வீட்டுக்குப் போங்க. நீங்க நடு வீட்டுக்கு. குசினி, குளியலறை, முத்தத்துப் பைப்பு, ஒண்டையும் விடப்படாது. நான் சத்தம் போட்டதும் எல்லாத்தையும் ஒண்டாத் திறக்கோணும்."

நளீர் பின்சுவரோரம் ஓடினான். குணம் ஏற்கெனவே வால்வுக்கு முன்னால் குந்திக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"சரிவராது எண்டு மட்டும் சொல்லாத" என்றான் நளீர்.

"நான் சாமியக் கும்புடுறன்டா."

"திற!" என்று பெரியவாப்பாவின் சத்தம் கேட்டது.

மூன்று வீட்டிலும் எல்லாப் பைப்பும் ஒன்றாகத் திறந்தன. மோட்டரின் குரல் மாறியது. முள் கீழே ஒரு சாண் வந்ததுபோல நளீருக்குத் தெரிந்தது. உண்மையில் அது ஒரு மயிரிழை. வால்வின் உள்ளே "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். றப்பர்த் தட்டு எழும்புகிறது! முள் மெல்ல ஏறியது. பழைய இடத்திலேயே வந்து நின்றது.

"முதல் வீட்டுல எப்பிடி?"

"நல்லா வருது!"

"நடு வீட்டுல?"

"குறையே இல்ல!"

"இஞ்சயும் அதே மாதிரித்தான்!" என்றார் பெரியவாப்பா, மூன்றாவது வீட்டிலிருந்து. பிறகு, "பூட்டு!" என்றார்.

நளீர் கண்ணை மூடிக்கொண்டான். வெடிக்கப் போகிறது. முகட்டில் மோதப் போகிறது. எல்லாம் முடியப் போகிறது.

ஒன்றும் நடக்கவில்லை. குணம் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். "கண்ணத் திறந்து பாருடா! முள் அவடத்தயே நிக்கிது!"

திறந்தார்கள், பூட்டினார்கள், பாதியைத் திறந்து பாதியைப் பூட்டினார்கள். முள் இருந்த இடத்தை விட்டு அசைய மாட்டேனென்றது. பெரியவாப்பாவின் சாரனில் ஒரு துளி ஈரமில்லை. மாப்பிள்ளையின் உம்மா மூன்றாவது வீட்டுக் குளியலறைக்குள் போய், நிதானமாக வுழூ எடுத்துக்கொண்டு, முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்தார்.

"மாஷா அல்லாஹ், என்ன தண்ணி! எங்கட வீட்டுலயும் இப்பிடி இல்ல."

தொழுதுவிட்டு வந்து, அந்த இடத்திலேயே நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை ஹாலில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது. ஹாஜியார் எல்லாருக்கும் முன்னால் நளீரைக் கட்டிப்பிடித்து, "மருமகன் இல்ல, இவர் என்ட மகன்" என்றார். சரீபா வட்டலப்பத்தின் பெரிய துண்டை அவன் தட்டில் வைத்தாள். இஸ்ஸதீன்கூட வந்து கையைக் கொடுத்தான். "நல்ல சாமான்தான் தம்பி. பூனைக்கும் அசையாது போல." பெரியவாப்பா போகும்போது அவன் காதோரம் குனிந்து, தங்கள் வளவுக்கும் வந்து இப்படி ஒன்று பூட்டித் தர முடியுமா என்று கேட்டார். றம்ஸியா கதவு மறைவில் நின்று அவனைப் பார்த்த பார்வையில், ஷாம்பு எரிச்சலெல்லாம் மன்னிக்கப்பட்டுவிட்டது.

கல்முனையில் அன்றைக்கு நளீரை விடப் பெரிய ஆள் கிடையாது. அவன் அப்படித்தான் நினைத்தான், நினைக்கட்டும். எத்தனை பேருக்கு அந்தச் சந்தோசம் கிடைக்கிறது!

எல்லாரும் போன பிறகு வால்வுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். நஜ்லா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. அதைப் பார்த்ததும் நளீருக்கு நெஞ்சு நிறைந்தது. பட்ட பாடெல்லாம் இந்தச் சிரிப்புக்குத்தான்.

"எப்பிடி மச்சி, மச்சான்ட வேல?" என்றான், காலுக்கு மேல் காலைப் போட்டு. "எங்க பிழையெண்டு கண்டுபுடிச்சு, கடைசியில திருத்திப்போட்டன் பாத்தியா?"

நஜ்லா அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"பைப்புல ஒரு பிழையும் இருக்கல்ல மச்சான், மொதல் வந்த ஆக்களுக்குத் தண்ணியப் பூட்டினதும் நான்தான், ரெண்டாவது வந்த ஆக்களுக்கு அந்த ஸ்குரூவ முறுக்கினதும் நான்தான், இவருக்கு மட்டுந்தான் நான் கை வைக்கல்ல."